நாலு கேள்வி, நாற்பது நிமிடம்!

லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை. திங்கள்கிழமை பிற்பகல் 2.30 மணி. செங்கோல் முன்னே செல்ல, கறுப்பு அங்கியுடன் சபைத் தலைவர் உள்ளே வருகிறார். ஆயர் ஒருவர் பிரார்த்தனையை முடித்ததும் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்கிறது. அடேயப்பா, என்ன மண்டபம்! தங்க வேலைப்பாடு மின்னும் அரியணை, சிவப்புத் தோல் போர்த்திய நீள் இருக்கைகள், 1847 முதல் இங்கேதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை கூடுகிறது. கூடியதும் முதல் வேலை என்ன தெரியுமா? அரசைக் கேள்வி கேட்பது!

நாற்பது நிமிடம், நாலு கேள்வி. இன்றைய நிகழ்ச்சித் தாளில் இந்த நாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழை நாடுகளுக்கான நிதியுதவி எவ்வளவு? கடைகளில் விற்கும் உடைகளைத் தைத்தவர்களுக்கு நியாயமான கூலி கிடைத்ததா? வாக்காளர் பட்டியலில் விடுபட்டவர்கள் எத்தனை பேர்? புகலிடம் கேட்டு வந்தவர்களின் கதி என்ன? நாலுமே இந்தச் சபையில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப எழுபவை. அவற்றுக்கான பதில்கள் எங்கே பிறக்கின்றன, யார் யார் கைகளைத் தாண்டி வருகின்றன? வாருங்கள், உள்ளே எட்டிப் பார்த்துவிடுவோம்!

வாசிக்கப்படாத கேள்வி

முதல் ஆச்சரியம், இந்தச் சபையின் நெடுநாள் மரபில் கேள்வியை யாரும் வாசிப்பதே இல்லை! உறுப்பினர் எழுந்து, 'தாளில் என் பெயரில் உள்ள கேள்வியைக் கேட்க அனுமதி வேண்டுகிறேன்' என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தாள் கையில் இல்லாத பார்வையாளருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நம் மக்களவையின் கேள்வி நேரத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி குறிப்பிட்ட ஒரு அமைச்சகத்துக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கேள்வியும் 'மன்னரின் அரசு' முழுவதற்குமானது. 'அது என் துறை இல்லை' என்று யாரும் கையை விரிக்க முடியாது.

அமைச்சரின் முதல் பதில் 75 சொற்களுக்குள் முடிய வேண்டும் என்று சபையின் கையேடு சொல்கிறது. அதற்குப் பிறகுதான் துணைக் கேள்விகள் பறக்கின்றன. ஒரு துணைக் கேள்வியில் இரண்டு விஷயங்களுக்கு மேல் கூடாது. எழுதி வைத்துப் படிக்கவும் கூடாது. அடுத்து யார் பேசுவது என்பதைச் சபைத் தலைவர் முடிவு செய்வதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால், ஒருவர் விட்டுக்கொடுக்கும்வரை சபையே குரல் கொடுக்கிறது. நாட்டின் சட்டம் இயற்றும் மன்றம் தன்னைத் தானே கட்டி மேய்க்கும் இந்தக் காட்சியைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்!

ஓரத்தில் ஒரு மூத்த உறுப்பினர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்திருக்கிறாரே, தூக்கமா? இல்லவே இல்லை. இருக்கையின் சாய்மானத்துக்குள் ஒலிபெருக்கி பதித்திருக்கிறார்கள். அவர் அதில் காதை வைத்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பழக்கத்தின் வயது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். நாடாளுமன்ற வரலாற்றில் பதிவான முதல் கேள்வி 1721இல் இதே சபையில்தான் எழுந்தது. தென்கடல் கம்பெனி ஊழலில் முதலீட்டாளர்கள் பலர் திவாலாகிக் கிடந்த நேரம். கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் ஓடிப்போய், பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாக வரும் செய்தி உண்மையா என்று கௌப்பர் பிரபு அரசைக் கேட்டார். அரசு பதில் சொன்னது. அன்று பிடித்த வழக்கம் இன்றுவரை விடவில்லை.

பதில் சமைக்கும் அடுக்களை

அமைச்சர் கணீரென்று சொல்லும் அந்த 75 சொற்கள் வெகு தூரம் நடந்து வந்தவை. கேள்வி தாளில் ஏறியதும், எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறையின் நாடாளுமன்றப் பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து அந்த விஷயத்தை அன்றாடம் கவனிக்கும் அதிகாரியின் மேசைக்கு. அவர் வரைவு எழுதுகிறார். மேலதிகாரி திருத்துகிறார். அமைச்சரின் ஆலோசகர்கள் பார்க்கிறார்கள். கடைசியில் அமைச்சரே உட்கார்ந்து அடித்துத் திருத்துகிறார்.

உண்மையான உழைப்பு அந்தச் சின்னப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் தடித்த கோப்பில்தான். எந்த உறுப்பினர் எந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்பார் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விடை தயாராகிறது. எதிரே இருப்பவர்கள் சாமானியப்பட்டவர்களா என்ன? முன்னாள் அமைச்சர்கள், நீதிபதிகள், மருத்துவர்கள், தூதர்கள், 26 ஆயர்கள்! மேலவையில் சில துறைகளுக்குத் தனி அமைச்சரே இருப்பதில்லை. அரசுக் கொறடாக்களே எழுந்து பதில் சொல்வதுண்டு. ஒரே ஆள் பல துறைகளைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

அரியணைக்குப் பக்கத்தில் 'பெட்டி' என்று அழைக்கப்படும் ஒரு சின்ன அடைப்பைக் கவனியுங்கள். துறை அதிகாரிகள் அதற்குள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அமைச்சருக்கு எண் மறந்துபோனால் அங்கிருந்துதான் குறிப்பு வந்து சேர வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால், 'கடிதம் எழுதித் தெரிவிக்கிறேன்' என்பார் அமைச்சர். தப்பித்தார் என்று நினைக்காதீர்கள்! அந்தக் கடிதத்தின் நகல் நாடாளுமன்ற நூலகத்தில் எல்லோரும் படிக்க வைக்கப்படுகிறது.

பொய் சொன்னால்? தெரிந்தே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும் என்பது விதி. ஈராக்குக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமைச்சர்கள் சொன்ன பதில்களை நீதிபதி ரிச்சர்ட் ஸ்காட்டின் 1996 அறிக்கை அலசிப் போட்டது. அடுத்த ஆண்டே இரண்டு அவைகளும் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றின.

இரண்டு கேள்வி, ஒரே கஜானா

இப்போது தாளில் உள்ள நாலு கேள்விகளுக்கு வருவோம். முதலாவது வெளிநாட்டு உதவி. வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்பது ஐ.நா. 1970இல் வைத்த இலக்கு. பிரிட்டன் 2013இல் அதை எட்டியது. 2015இல் சட்டமாகவே ஆக்கியது. பிறகு கொரோனா வந்தது, 2021 முதல் 0.5 சதவீதம் என்று குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில், பாதுகாப்புச் செலவுக்காக, 2027க்குள் 0.3 சதவீதமாக இறங்கும் என்று பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்தார். முதல் வெட்டை எதிர்த்து அமைச்சர் லிஸ் சக் பதவி விலகினார். இரண்டாவதை எதிர்த்து அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் விலகினார். ஒருவர் கன்சர்வேட்டிவ், மற்றவர் லேபர். கட்சி வேறு, மனசாட்சி ஒன்று!

திரைக்குப் பின்னால் இருக்கும் பெரிய செய்தி இனிமேல்தான். புகலிடம் கேட்டு வருபவர்களுக்கு முதல் ஆண்டில் உள்நாட்டில் ஆகும் செலவையும் 'வெளிநாட்டு உதவி'க் கணக்கில் எழுத சர்வதேச விதிகள் இடம் கொடுக்கின்றன. 2023இல் பிரிட்டன் அப்படி எழுதிய தொகை 430 கோடி பவுண்டு. மொத்த உதவியில் நூற்றுக்கு 28! ஆப்பிரிக்கக் கிராமத்துத் தடுப்பூசிக்கும் இங்கிலாந்து ஓட்டல் அறை வாடகைக்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்து போகிறது. முதல் கேள்வியும் நாலாவது கேள்வியும் உள்ளே கைகோத்திருக்கின்றன. இதெல்லாம் துருவித் துருவிக் கேட்டுத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

சட்டையின் பின்னால்

இரண்டாவது கேள்வி, நெறிசார்ந்த வணிகம். கம்பெனிகள், தொழிற்சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் 'எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ்' 1998இல் லண்டனில் பிறந்தது, அரசின் ஆதரவோடு. கட்டாய உழைப்பு கூடாது, சங்கம் சேரும் உரிமை வேண்டும், வாழப் போதுமான கூலி வேண்டும் என்று நீள்கின்றன அதன் அடிப்படை விதிகள்.

இந்தக் கதையில் நம் ஊரும் உண்டு. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில், மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் நினைவிருக்கிறதா? அந்த நூல் துணியாகி, உடையாகி, பிரிட்டன் கடைகளில் தொங்கியது. அதனால் அதே அமைப்பு தமிழ்நாட்டு ஆலைகளுக்கென்றே தனித் திட்டம் நடத்தியது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு கேள்விகள் இன்னும் கூர்மையாயின. 2015இன் நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டு வருவாய் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் தங்கள் சப்ளையர்கள்வரை அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வெளியிட வேண்டும்.

ஓட்டில்லாதவர்களின் சபை

மூன்றாவது கேள்வி வாக்காளர் பதிவு. முன்பு குடும்பத்துக்கு ஒருவர் படிவம் நிரப்பினால் போதும். 2014 முதல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். விடுபட்டவர்களும் பழைய முகவரியில் நிற்பவர்களுமாகச் சேர்த்து 80 லட்சம் பேர்வரை பட்டியலில் சரியாக இல்லாமல் இருக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2023இல் மதிப்பிட்டது. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்களும் இளைஞர்களும்தான் அதில் அதிகம். லண்டன் தமிழர்களே, ஒரு நிமிடம்! முறையாக வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கும் அங்கே வாக்குரிமை உண்டு. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் பதியலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிரபுக்களுக்கோ பொதுத் தேர்தலில் ஓட்டே கிடையாது!

நாலாவது, புகலிடம். 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட இருந்தார்கள். உடைகளைக் களைந்து போராடினார்கள். சில வாரங்களிலேயே, விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று சட்ட மசோதா வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆறு தமிழர்களின் கேஸில், துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தின் நியாயத்தை எப்படி அளப்பது என்று தீர்ப்பளித்ததும் இந்தச் சபையின் நீதிபதிகள்தான். அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதுவே. தீர்ப்பு தமிழர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் இன்றுவரை புகலிட வழக்குகளில் அது பேசப்படுகிறது.

சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் புகலிடக் கோரிக்கையாளருக்கு 2024இல் வாரப்படி 49.18 பவுண்டு. முடிவுக்காக ஓராண்டு காத்திருந்த பிறகுதான் வேலை செய்ய அனுமதியே கேட்கலாம். இதைப் பற்றி எழுந்து கேட்பவர்களில் ஒருவர் ஆல்ஃப் டப்ஸ் பிரபு. 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி, பிராகாவிலிருந்து ரயிலேறி வந்தபோது அவருக்கு வயது ஆறு. 2016இல் ஐரோப்பாவில் தனித்து நின்ற அகதிக் குழந்தைகளுக்காக அவர் கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. 480 குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

நாலு கேள்விகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உதவி பெறும் கிராமத்துத் தாய், நூற்பாலைப் பெண், பட்டியலில் விடுபட்ட இளைஞர், கேஸ் முடியக் காத்திருக்கும் அகதி. இவர்களில் ஒருவராலும் அந்த அரசைத் தேர்தலில் கேள்வி கேட்க முடியாது. அவர்கள் சார்பில் ஒருவர் எழுந்து நின்றால், எவ்வளவு பெரிய அமைச்சரும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். சொன்ன ஒவ்வொரு சொல்லும் நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறும். சட்டத்தின் பொருள் தெளிவாக இல்லாதபோது, மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் சபையில் தந்த விளக்கத்தை நீதிமன்றமும் எடுத்துப் பார்க்கலாம் என்று 1992இல் தீர்ப்பே இருக்கிறது. அதனால்தான் இந்த நாற்பது நிமிடத்தை நான் இவ்வளவு கொண்டாடுகிறேன். லண்டன் போனால் பார்வையாளர் மாடத்துக்குக் கட்டணம் இல்லை. போக முடியாதவர்களுக்கு நேரலையும் ஹன்சார்டும் இணையத்தில் இலவசம். உங்களுக்குப் பிடித்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசு அதற்குச் சொல்லும் பதிலை விடாமல் பின்தொடருங்கள்!