லாரிக்கு லாரி, காருக்குக் கார்!

அமெரிக்காவில் 'பிக்கப்' என்றொரு வண்டி உண்டு. முன்பாதியில் குடும்பம் உட்காரும். பின்பாதி திறந்த தொட்டி. ஞாயிற்றுக்கிழமை மரச்சாமான் ஏற்றலாம், சரி. மற்ற ஆறு நாளும் அதிலேயே ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவது சுகப்படுமா? வாங்க நினைக்கும் குடும்பங்களின் கேள்வி இதுதான்.

சாதாரணப் பிக்கப்பின் பின்புறத்தில் லாரிக்கு இருப்பதுபோல் ஸ்பிரிங் பட்டைகள் இருக்கும். சுமை இல்லாதபோது ஆளைக் குலுக்கி எடுத்துவிடும். ஹோண்டா கம்பெனி 2005-ல் கொண்டுவந்த 'ரிட்ஜ்லைன்' வேறு ரகம். அதன் பின்சக்கரங்கள் காரைப்போல் தனித்தனியே ஏறி இறங்கும். ஆகவே குலுக்கல் குறைவு. தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டுப் போட்ட பெட்டியும் உண்டு. மளிகைச் சாமான் மழையில் நனையாது.

ஆனால், சுகம் இனாமாக வருவதில்லை. வண்டியின் நீளம் 5 மீட்டருக்கு மேல்! கடைத்தெருவில் நிறுத்த இடம் தேட வேண்டும். லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 கிலோமீட்டர்தான் ஓடும். சின்னக் கார் இதைவிட அதிக தூரம் ஓடும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுவது நல்லது. மாதத்தில் எத்தனை நாள் சுமை ஏற்றுவோம்? நாலைந்து நாளாவது உண்டென்றால் பிக்கப் வாங்கலாம். வருஷத்துக்கு ஒரு கட்டில் கொண்டுவரத்தான் என்றால், கார் போதும். கட்டிலுக்கு வாடகை வண்டி கிடைக்காதா, என்ன?