துலா, குளக்கட்டு, தோணி: உயர்தரப் பௌதிகவியலுக்கு எமது ஊர்ப் பாடங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைதான் இந்த நாட்டில் பல்கலைக்கழகத்தின் வாசல். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளையும் பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளையும் அந்த வாசலில் பௌதிகவியலைச் சந்தித்தே ஆகவேண்டும். ஆனால் எமது மாவட்டத்துக் கிராமங்களில், சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நன்றாகச் செய்த பிள்ளைகள்கூடக் கலைப்பிரிவுக்கே போகிறார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. அங்கே போய்வரும் பஸ் செலவும், தங்கிப் படிக்கும் செலவும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பெரும் பாரம்.

2006 இல் சம்பூரிலிருந்து பெயர்ந்த மக்களுக்குக் காணிகள் திரும்பக் கிடைத்தது 2015, 2016 ஆம் ஆண்டுகளில். வெளியேறிய வருடம் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2016 இல் சாதாரண தர வகுப்பில் இருந்திருக்கும். ஒரு பிள்ளையின் பள்ளிக் காலம் முழுவதும் முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழிந்துவிட்டது. இந்தத் தடைகளை நாம் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனால் இவற்றோடு இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது. "பௌதிகவியல் எங்கட பிள்ளைகளுக்கு ஏறாது" என்று பெற்றோரே முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம்.

முதலில் வினாத்தாளைப் பாருங்கள். முதலாம் பத்திரத்தில் 50 கேள்விகள், நேரம் 2 மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும், சரியானதைத் தெரியவேண்டும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லாத இடத்தில், சூத்திரத்தை மட்டும் பாடமாக்கியவர் தடுமாறுவார். எண்ணக்கரு விளங்கியவருக்குத்தான் விடை தெரியும். அந்த எண்ணக்கருக்களிற் பல விவசாயக் குடும்பங்களின் கைகளில் ஏற்கனவே உண்டு.

துலாவை எடுப்போம். இன்று நீர்ப்பம்பி வந்து துலா அருகிவிட்டது. ஆனாலும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரோடு 15 கிலோகிராம் உள்ள வாளி, ஆடுகாலிலிருந்து 4 மீற்றர் தூரத்தில் தொங்குகிறது. மறுபக்கம் 2 மீற்றரில் எவ்வளவு கல் கட்டவேண்டும்? துலாவின் சொந்த நிறையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுப்போம். வாளியின் நிறை 150 நியூற்றன். 150ஐ 4ஆல் பெருக்க 600 வருகிறது. மறுபக்கமும் 600 வரவேண்டுமானால் 300 நியூற்றன், அதாவது 30 கிலோகிராம் கல் வேண்டும். விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் இதுவே விசைத் திருப்பம். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்தவர்கள் இதைக் காலால் செய்தார்கள். ஆடுகாலை விட்டு விலகி நடக்க நடக்க, ஆளின் நிறை மாறாமலே திருப்பம் கூடியது.

இங்கே ஒரு பொறி உண்டு. "துலா வேலையைக் குறைக்கிறது" என்ற விடையைப் பல பிள்ளைகள் தெரிந்துவிடுவார்கள். அது பிழை. வெறும் வாளியைக் கிணற்றில் இறக்கும்போது நாம் கல்லை மேலே தூக்குகிறோம். அந்த வேலை கல்லில் அழுத்தசக்தியாக இருந்து, நிறைந்த வாளியைத் தூக்க உதவுகிறது. இழுப்பவருக்கு இலகு, ஏனெனில் தன் உடம்புப் பாரத்தைக் கீழ்நோக்கிப் போடுகிறார். வேலையின் மொத்த அளவு குறைவதில்லை.

அடுத்தது குளக்கட்டு. குளக்கோட்டன் கட்டியது என்று எம்மவர் சொல்லும் கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி உடைத்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிர் போனது. கட்டு உடைவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நாம் இங்கே பேசுவது நீரின் தள்ளுவிசையை மட்டும். நீரின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்தது. குளம் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. 5 மீற்றர் ஆழத்தில் நீரால் வரும் அமுக்கம் 50,000 பஸ்கால். 10 மீற்றரில் 100,000 பஸ்கால்.

இதுவரை சுலபம். ஆனால் ஆழம் இரு மடங்கானால், கட்டின் மீதான விசை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று எழுதினால் புள்ளி போய்விடும். நிலைக்குத்தான சுவரில் ஒரு மீற்றர் நீளத் துண்டை எடுங்கள். 5 மீற்றர் ஆழத்துக்குச் சராசரி அமுக்கம் 25,000 பஸ்கால், பரப்பு 5 சதுர மீற்றர். விசை 125,000 நியூற்றன். 10 மீற்றருக்குச் சராசரி அமுக்கமும் இரு மடங்கு, பரப்பும் இரு மடங்கு. விசை 500,000 நியூற்றன். நான்கு மடங்கு! குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கியும் நீர் மேலும் ஏறினால், கமக்காரர் இரவில் தூங்காமல் கட்டில் நிற்பது ஏன் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

மகாவலி, மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் தோணி கடலில் சற்று மேலே எழும்பி மிதக்கும். கடலில் மேலுதைப்பு அதிகம் என்றுதான் உடனே தோன்றும். இல்லை. மிதக்கும் தோணியில் மேலுதைப்பு எப்போதும் அதன் நிறைக்குச் சமன். ஆற்றிலும் கடலிலும் ஒன்றே. மாறுவது இடம்பெயர்க்கப்படும் நீரின் கனவளவுதான். பாரத்தோடு 1,025 கிலோகிராம் உள்ள தோணி, ஆற்றில் 1.025 கன மீற்றர் நீரை விலக்கும். அடர்த்தி கூடிய கடல்நீரில் ஏறத்தாழ 1 கன மீற்றர் போதும்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஒரு செம்பு நீர் மொண்டால், அந்தக் கணத்தில் செம்புக்கும் கிணற்றுக்கும் வெப்பநிலை ஒன்றே. ஆனால் இரண்டும் ஒரே அளவு குளிரும்போது வெளிவிடும் வெப்பம் ஒன்றல்ல. வெப்பத்தையும் வெப்பநிலையையும் குழப்பும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தெரிவு முறையையும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். விஞ்ஞானப் பிரிவுகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும் உரியவை. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அவற்றில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே எமது பிள்ளையின் போட்டி பெருமளவுக்கு எமது மாவட்டப் பிள்ளைகளோடுதான். மூன்று தடவை தோற்றலாம்; பாடசாலையை விட்டவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். அச்சடித்த மாதிரி வினாக்களைக் கட்டுக்கட்டாக வாங்குவதைவிட, கடந்தகால வினாத்தாள்களை ஆறுதலாகச் செய்வது எமது பார்வையில் மேலானது. ஒவ்வொரு விடையும் ஏன் பிழை என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். கேட்பவர் படித்தவராக இருக்கவேண்டியதில்லை.

இன்றிரவு இதைக் கேட்டுப் பாருங்கள்: சிறு குளமொன்றில் தோணி மிதக்கிறது, தோணிக்குள் ஒரு கருங்கல். கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டால் குளத்து நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? இறங்கும். தோணிக்குள் இருந்தபோது கல் தன் நிறைக்குச் சமனான நிறையுள்ள நீரை விலக்கியது. அடியில் கிடக்கும்போது தன் கனவளவு நீரை மட்டுமே விலக்குகிறது.