பள்ளத்தாக்கில் பந்து – 7: 40 நிமிடத்தில் முடிகிற வருடம்

"சார், அம்புட்டுத்தானா?"

கேட்டவன் எட்டாம் வகுப்புப் பையன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குறுவட்டப் போட்டி, ஆடி மாதம், காலை பத்தரை மணி. 0-1 என்று தோற்று அப்போதுதான் கோட்டுக்கு வெளியே வந்திருந்தார்கள். அவன் முழங்காலில் ரத்தமும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்திருந்தன. தண்ணீர் கேனைச் சாய்த்துப் பிடித்திருந்த உடற்கல்வி ஆசிரியர், "அம்புட்டுத்தான்டா. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றார்.

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும் சார்."

அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து விடிகாலையில் எழுந்து பயிற்சிக்கு வந்த பையன்கள். பாதிக்கு 20 நிமிடம் என்று மொத்தம் 40 நிமிடம் ஆடினார்கள். அத்தோடு அந்த வருடம் அவர்களுக்கு முடிந்தது. மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பந்தைத் தொடவே இல்லை. பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

சென்ற வாரம் நம் பள்ளி மைதானங்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அந்த மைதானங்களில் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு காகிதங்களைப் பார்க்கலாம். ஒன்று விதிப் புத்தகம். இன்னொன்று, யார் யாரோடு மோதுவது என்று போட்டி நாளன்று காலையில் சீட்டு குலுக்கி எழுதுகிற ஃபிக்சர். விதிப் புத்தகத்தைப் பற்றி ஓயாமல் சண்டை போடுகிறோம். ஃபிக்சரை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் கால்பந்தைப் பற்றி எழுதிவிட்டுக் காற்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது ஊரெல்லாம் சொல்கிற பழமொழிதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இறங்குகிற தேனி மாவட்டத்தில் அதை உடம்பிலேயே உணரலாம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பள்ளிப் போட்டிகள் தொடங்கும் பருவமும் இந்தக் காற்றின் பருவமும் ஒன்றாகவே வருகின்றன.

அன்றைக்குத் தோற்ற அணியின் கோல்கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதிருக்கும். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலுக்கு நடுவில் நின்றான். எம்பிக் குதித்தாலும் மேல்கம்பம் அவன் விரல் நுனிக்கு எட்டாது. காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் ஓங்கி உதைத்த கோல் கிக் மேலே எழும்பி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, நடுக்கோட்டுக்கு வெகு முன்னாலேயே விழுந்தது. எதிரணிப் பையன் அதை ஒரே தட்டில் திருப்பி அனுப்பினான். காற்று மிச்ச வேலையைச் செய்தது. விழுந்த ஒரே கோல் அதுதான்.

டாஸில் ஜெயித்தவர் கோல் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையை எடுத்துக்கொள்ளலாம் என்று 2019-ல் விதி மாறியது. நம் பையன்களில் பலர் இன்னமும் ஆசையாகப் பந்தைத்தான் கேட்கிறார்கள். இந்த ஊரில் கேட்க வேண்டியது பக்கத்தை. எதைக் கேட்டாலும் பாதியில் பக்கம் மாறுமே என்பீர்கள். மாறும்தான், காற்று மாறாமல் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் காலையில் சாதுவாக இருக்கும் காற்று வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கிறது. ஒன்பது மணிக்கு ஆடுகிறவர்களும் மூன்று மணிக்கு ஆடுகிறவர்களும் ஆடுவது ஒரே ஆட்டம் அல்ல. இன்னொன்றையும் சொல்கிறேன், உடற்கல்வி ஆசிரியர்கள் பையன்களிடம் சொல்லி வைக்கலாம்: கோல் கிக் நேராக உதைத்தவரின் சொந்த கோலுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டால் அது கோல் ஆகாது, எதிரணிக்குக் கார்னர் கிக்.

இப்படிக் காற்றும் டாஸும் பாதியை முடிவு செய்கிற இடத்தில், ஒரே ஆட்டத்தை வைத்து ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம் வழியாக மாநிலம் வரை போகின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. நான் பார்த்த குறுவட்டப் போட்டிகள் எல்லாமே நாக்-அவுட். எட்டு அணி வந்தால் ஏழு ஆட்டம். அதில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு கிளம்ப வேண்டும். பதினொரு அணி வந்தால் இன்னும் சிக்கல். 16-க்குக் குறைகிற ஐந்து இடத்துக்கும் 'பை' கொடுக்க வேண்டும். சீட்டில் 'பை' விழுந்த அணி ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும். வலுவான இரண்டு அணிகள் முதல் ஆட்டத்திலேயே மோதிக்கொள்ளவும் அதே சீட்டு போதும். வெளிச்சம் மங்கி, டை பிரேக்கருக்கும் நேரமில்லாமல், வெற்றியாளரையே சீட்டு குலுக்கித் தேர்ந்தெடுத்ததையும் ஒருமுறை பார்த்தேன். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0-0 என்று முடித்தபோது, நாணயம் சுண்டித்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட அநியாயங்கள் உறுத்தியதால்தான் 1970-ல் பெனால்டி முறை விதிக்குள் வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் சீட்டு?

மேலே போகப் போக என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரில் 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பைதான் நாட்டில் பள்ளிக் கால்பந்துக்குப் பெரிய மேடை. அங்கே அணிகளைக் குழுக்களாகப் பிரித்து லீக் ஆடவைத்து, அதற்குப் பிறகே நாக்-அவுட். 2026 உலகக் கோப்பையில் 48 அணிகள். எவ்வளவு பலவீனமான அணியாக இருந்தாலும் மூன்று ஆட்டம் நிச்சயம். முழுதாகப் பழகி முடித்தவர்களுக்கு மூன்று வாய்ப்பு. பூட்டின் கயிற்றை இன்னும் சரியாகக் கட்டத் தெரியாத பிள்ளைக்கு ஒரே வாய்ப்பு. இது தலைகீழ்.

லீக் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யோசிக்காமல் எழுதிய லீக் விதி நாக்-அவுட்டை விட மோசமாகப் போகும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இறங்கியபோது, ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற கணக்கு இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. பிறகு சும்மா பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். அல்ஜீரியா வெளியேறியது. அதற்குப் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்றானது.

1994 ஜனவரியில் கரீபியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நடந்தது இன்னும் விசித்திரம். கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் தங்க கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு என்று அமைப்பாளர்கள் விதி எழுதியிருந்தார்கள். பார்படோஸ் தகுதி பெற, கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது கிரெனடா ஒன்றைத் திருப்பியது. நேரம் குறைந்துகொண்டே வந்தது. பார்படோஸ் வீரர்கள் தங்கள் கோலுக்குள் தாங்களே பந்தை அடித்து 2-2 ஆக்கினார்கள். கூடுதல் நேரம் போனால் ஒரே கோலில் இரண்டு கோல் வித்தியாசம் வந்துவிடும் அல்லவா? விஷயம் புரிந்ததும் கிரெனடா எந்தப் பக்கத்து கோலிலாவது அடித்துவிடத் துடித்தது. பார்படோஸ் இரண்டு கோலையும் காத்து நின்றது. கூடுதல் நேரத்தில் கோலடித்துத் தகுதியும் பெற்றது. அந்த வீரர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தப்பு அந்த விதியை எழுதியவர்கள் மீது.

அப்படியானால் நம் குறுவட்டத்தில் என்ன செய்யலாம்? மைதானம் ஒன்று, நாள் ஒன்று, நடுவர்கள் சிலர். இந்த மூன்றுக்குள் அடங்காத யோசனையைச் சொல்லிப் பயனில்லை. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கால்பந்து விதிகளைக் காக்கும் சர்வதேச வாரியமான ஐ.எஃப்.ஏ.பி.யே சிறுவர் ஆட்டத்துக்குப் பல சலுகைகளைத் தருகிறது. மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, கோலின் அளவு, ஆட்ட நேரம் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளலாம். வெளியே போன வீரர் மறுபடி உள்ளே வரலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இப்படித் திரும்ப வருவது வெகுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. ஆக, நாம் விதியை மீற வேண்டியதில்லை. விதி கொடுத்த இடத்தைப் பயன்படுத்தினால் போதும்.

14 வயதுக்குட்பட்டோருக்கு அணிக்கு ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் நீள மைதானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தால் இரண்டு சின்ன ஆடுகளம் கிடைக்கும். எட்டு அணியை நான்கு நான்காக இரண்டு குழு ஆக்குங்கள். பாதிக்கு 10 நிமிடம், மொத்தம் 20. இடைவேளை, அணி மாறும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு அரை மணி. முதல் சுற்றில் முதல் குழுவின் இரண்டு ஆட்டங்களும் இரண்டு களத்தில் ஒரே நேரத்தில். அடுத்த அரை மணி இரண்டாம் குழு. இப்படி மாறி மாறி ஆறு சுற்றில் குழு ஆட்டங்கள் பன்னிரண்டும் முடிந்துவிடும். ஏழாவதில் அரையிறுதி இரண்டும், எட்டாவதில் இறுதி. மொத்தம் 15 ஆட்டம், நான்கு மணி நேரம். இப்போதைய நாக்-அவுட்டில் ஏழு ஆட்டத்துக்கு, ஒன்றுக்கு 50 நிமிடம் என்று கணக்கிட்டாலே ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் குறையும்.

இந்தக் கணக்கு விழுந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கடைசி இடத்தில் வரும் அணிக்கும் மூன்று ஆட்டம், 60 நிமிடம் நிச்சயம். இறுதிவரை போகும் அணி ஆடுவது 100 நிமிடம். நாக்-அவுட்டில் அதே அணி ஒரே நாளில் 120 நிமிடம் ஓட வேண்டியிருந்தது. ஒரு குழு ஆட்டத்துக்கும் அடுத்த குழு ஆட்டத்துக்கும் நடுவே கட்டாய ஓய்வு. ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் தாமாகவே ஒரே நேரத்தில் நடப்பதால் கிஹோன் சங்கதிக்கும் இடமில்லை. காற்று ஏறுவதற்குள் பெரும்பாலான ஆட்டங்கள் முடிந்திருக்கும். சின்ன கோலுக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்புகள் போதும். சின்னமனூர் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆழமாக ஊன்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம், சாய்ந்து பிள்ளைகள் மேல் விழக் கூடாது.

சமப் புள்ளி வந்தால் என்ன செய்வது என்பதை முதல் விசிலுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளியிலும் கோலிலும் சமமாக நின்று, மஞ்சள் அட்டை அதிகம் வாங்கியதால் செனகல் வெளியேறியது. வருத்தம்தான், ஆனால் விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. பள்ளி ஆட்டத்துக்கு என் தேர்வு: முதலில் தங்களுக்குள் மோதியதில் வென்றவர், பிறகு கோல் வித்தியாசம், அதிலும் ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோலுக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. பலவீனமான அணியை 13-0 என்று அடித்து நொறுக்க ஒரு காரணத்தை நாமே கொடுக்கக் கூடாது.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி உண்டு. மேல்மட்டப் போட்டிகளில் பதினொரு பேர் ஆட்டம்தானே, ஏழு பேர் ஆடி ஜெயித்த அணி அங்கே போய்த் திணறாதா? முதல் ஆட்டத்தில் திணறலாம். ஆனால் குறுவட்டத்தில் வெல்லப் போவது ஓர் அணி. அந்த ஓர் அணியின் வசதிக்காக நான்கு அணிகளின் பிள்ளைகளை 40 நிமிடத்தில் அனுப்பிவிடலாம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 17, 19 வயதுப் பிரிவுகளில் பதினொரு பேர் நாக்-அவுட்டே இருக்கட்டும். முதல் சுற்றில் தோற்ற நான்கு அணிகளுக்கும் தங்களுக்குள் ஓர் ஆட்டம் வையுங்கள். இரண்டே ஆட்டம்தான் கூடும். 'பை' கொடுக்கும்போதும் போன வருடம் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளை எதிரெதிர்ப் பாதியில் வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சீட்டு போடுங்கள்.

தேனி, கம்பம், உத்தமபாளையம், போடி, ஆண்டிபட்டி, பெரியகுளம் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் சொந்தக் காசில் பையன்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, கடைசிப் பேருந்து வரை கூடவே நிற்பவர்கள் என்பதை அறிவேன். இந்த வருடம் போட்டிகளைத் திட்டமிடும் கூட்டத்தில், 14 வயதுப் பிரிவுக்கு மட்டும், ஒரே ஒரு குறுவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் அடுத்த வருடம் பழையபடி சீட்டு குலுக்கிக்கொள்ளலாம். நடக்கிற அன்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு நானும் வருகிறேன்.

(தொடரும்)