நாய்க்குட்டிக்குத் தெரியாத குற்றம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் மழைக்காலம் முடியும் சமயத்தில் நடந்து பாருங்கள். மணல் குவியலின் ஓரத்திலும், பாதி கட்டிய வீட்டின் படிக்கட்டுக்கு அடியிலும் நாட்டு நாய்க்குட்டிகள் சுருண்டு கிடக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சும்மா தாண்டிப் போக மனம் வருமா? ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் அது எல்லோருக்கும் செல்லம். மூன்றாம் நாள் காலையில், இரவு ஷிப்டு முடித்துக் களைத்து வந்த அப்பா கூடத்தில் கால் வைத்ததும் வழுக்குகிறது. குட்டிக்கு இரண்டு அடி. கொண்டு வந்த பிள்ளைக்கு நான்கு திட்டு. இரண்டு வாரம் இதே கதை நடந்தால் குட்டி ஒரு கோணிப்பைக்குள் ஏறி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடப்படுகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் சென்னை - கொல்கத்தா சாலை அது. அங்கே தாயில்லாத குட்டி எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்குள் ஈரம் செய்வது என்ற ஒரே காரணத்துக்காகத் தெருவுக்குத் திரும்பும் குட்டிகள் பல. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விஞ்ஞான முறையில் ஆராயலாம். இதில் உடலியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. நான் கல்லூரியில் நடத்தும் பௌதிகமும் இருக்கிறது.

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே தெரியாது. தாய் அதன் அடிவயிற்றை நக்கிக் கொடுத்தால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். சுமார் மூன்று வாரமானதும் குட்டி தள்ளாடி நடந்து, படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிப் போய்க் கழிக்கத் தொடங்குகிறது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக் கொள்ளும் இந்த இயல்புதான் நம்முடைய மூலதனம். எட்டு ஒன்பது வார வயதில் "இந்த மாதிரித் தரையில்தான் போவேன்" என்ற விருப்பமும் அதற்கு உண்டாகிறது. அப்போது கால் மண்ணில் பட்டுப் பழகினால் மண்ணையே தேடும். சிமெண்டுத் தரையில் பழகினால் சிமெண்டைத் தேடும். உங்கள் கூடமும் சிமெண்டுதானே!

இனி ஒரு சிறு கணக்கு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அது அடக்கிக் கொள்ளும். இது உத்தேசக் கணக்கு. பகலில் ஓடி விளையாடும்போது அதில் பாதிகூடத் தாங்காது. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். அப்பா எட்டு மணி நேர ஷிப்டுக்குப் போகிறார். அம்மா மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். நீங்கள் பள்ளிக்கூடத்தில். கதவு பூட்டியிருக்கிறது. எட்டை மூன்றால் வகுத்துப் பாருங்கள்: கூடத்தில் குறைந்தது இரண்டு குளம் இருக்கும். குட்டியை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இந்த விடை மாறாது.

சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா யாங், டேவிட் ஹூ ஆகியோர் அட்லாண்டா மிருகக்காட்சி சாலைக்குப் போய், விலங்குகள் சிறுநீர் கழிப்பதை அதிவேகக் காமிராவில் படம் பிடித்தார்கள். 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டி எதுவானாலும், நாயோ யானையோ, பையைக் காலி செய்யச் சராசரியாக 21 விநாடி ஆகிறதாம்! பையின் கொள்ளளவு 3,600 மடங்கு கூடினாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். பெரிய விலங்குக்குச் சிறுநீர்க் குழாய் நீளம். நீளமான செங்குத்துக் குழாயில் புவியீர்ப்பின் அழுத்தம் கூடுகிறது, நீர் வேகமாகப் பாய்கிறது. மிகச் சிறிய பிராணிகளுக்கோ பரப்பு இழுவிசையும் பாகுநிலையும் தடையாக நின்று, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சிரித்துவிட்டு விடாதீர்கள், நமக்கு ஒரு உபயோகம் உண்டு. குட்டி வெளியே ஒரு கணம் குந்தியதும் "ஆச்சு" என்று உள்ளே தூக்கி வந்துவிடுகிறோம். பறக்கும் காகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருக்கும். மீதி கூடத்துக்கு. எனவே முழுவதும் முடியும் வரை பொறுமையாக நில்லுங்கள்.

இடியும் மின்னலும்

இப்போது அடிக்கும் விஷயத்துக்கு வருவோம். மின்னல் வெட்டி மூன்று விநாடி கழித்து இடி கேட்டால், அது சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது என்று வகுப்பில் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த மின்னலுக்கு இந்த இடி என்று நாம் சேர்த்துப் பார்க்க முடிவது, இடைவெளி சில விநாடிகளே என்பதால். இடி அரை மணி கழித்துக் கேட்பதாக வைத்துக் கொள்ளுங்கள். எந்த மின்னலோடு அதைச் சேர்ப்பீர்கள்?

குட்டியின் நிலைமை இதுவே. அதன் மூளை ஒரு செயலையும் அதன் விளைவையும் முடிச்சுப் போட வேண்டுமானால் இரண்டும் ஓரிரு விநாடிக்குள் நடக்க வேண்டும். காலை பத்து மணிக்குச் செய்ததற்கு மாலை நான்கு மணிக்கு அடி விழுந்தால், அது பத்து மணியோடு சேராது. நான்கு மணிக்கு எது நடக்கிறதோ அதோடு சேரும். அப்போது நடப்பது என்ன? கதவு திறக்கிறது; வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். ஆகவே குட்டி கற்கும் பாடம் "இவர் வந்தால் அடி விழும்" என்பதுதான். செய்யும்போதே கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் லாபமில்லை. "மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது" என்று அது கற்றுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போகும். பிறகு நீங்கள் மழையில் குடை பிடித்துக் கொண்டு வெளியே நின்றாலும் உங்கள் எதிரில் கழிக்காது.

"அதெல்லாம் இல்லை சார், அதுக்குத் தப்பு செஞ்சது தெரியும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்று மாணவர்கள் என்னிடம் வாதாடியதுண்டு. காதை மடக்கி, வாலைச் சுருட்டி, பார்வையைத் திருப்பிக் கொள்ளும் அந்த முகத்தை நாய் வளர்த்தவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி இதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார். வீட்டுக்காரர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று நாயிடம் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அவர் இல்லாதபோது சில தடவை ஆராய்ச்சியாளரே அதை நாய்க்குக் கொடுத்துவிடுவார். சில தடவை நாய் தொடவே தொடாது. திரும்பி வந்தவரிடம் சில சமயம் உண்மையும், சில சமயம் பொய்யும் சொல்லப்படும். முடிவு என்ன தெரியுமா? அந்தக் "குற்ற முகம்" தின்றதற்கும் தின்னாததற்கும் ஏற்ப மாறவில்லை. வீட்டுக்காரர் திட்டினாரா இல்லையா என்பதற்கு ஏற்பவே மாறியது. தொடாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களே மிக அதிகமாக அந்த முகத்தைக் காட்டின! அந்த முகத்தில் நாம் படிப்பது குற்ற உணர்வு. அங்கே இருப்பதோ பயம்.

இந்த விநாடிக் கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன், சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள் குட்டிக்கு அவசரம் வரும். வயிறு நிரம்பி விரிந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது அனிச்சைச் செயல், நமக்கும் அப்படித்தான். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யரான பாவ்லோவ், மெட்ரோனோமின் டக் டக் ஓசையை உணவோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, ஓசை கேட்டாலே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும்படி செய்தார் அல்லவா? நீங்களும் அவசரம் வரும் நேரத்தில் தினமும் அதே மூலைக்குத் தூக்கிச் சென்று, அது குந்தும்போது அதே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். முடித்த அந்த விநாடியே டீக்கடைப் பொறையில் ஒரு சிறு துண்டு வாயில் விழ வேண்டும். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும்! துண்டு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

தரை மறப்பதில்லை

அடுத்தது வாசனை. நம் மூக்கில் வாசனை அறியும் உணர்விகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கோ 20 கோடிக்கும் மேல். சிமெண்டுத் தரை பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் கொண்டது. நுண்புழைகளில் நீர் ஏறுவதைப் போலச் சிறுநீர் அவற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்குப் பினாயில் மட்டும் தெரியும். குட்டிக்கோ அடியில் பழைய முகவரி பத்திரமாக இருக்கும். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்று வீசும் நாள்களில் அந்த வாசனை மறுபடி கிளம்புவதை நீங்களே கவனித்திருக்கலாம்.

முதலில் பழைய செய்தித்தாளை அழுத்தி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு சோப்பு நீர். நொதி கலந்த சலவைத்தூளைக் கரைத்துக் கால் மணி ஊறவிட்டுக் கழுவினால் இன்னும் நல்லது. நீர் கலந்த வினிகர் அம்மோனியாவை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். ஆனால் அமிலமாதலால் மொசைக், சலவைக்கல் தரையின் மெருகைக் கெடுக்கும். ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் கொட்டாதீர்கள். அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமின் என்ற எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். பிளீச்சிங் பவுடரும் வினிகரும் சேர்ந்தால் குளோரினே வெளிப்படும். நாயின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கக்கூடும் என்பதால் கையுறை போட்டுக் கொள்வதும், கையை நன்றாகக் கழுவுவதும் அவசியம்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு. குட்டியை வெளியே விடும் நேரமும் வாரா வாரம் மாறினால் அதன் உடலில் எந்த ஒழுங்கும் படியாது. வீட்டில் மாறாத நேர அட்டவணை உடையவர் யார்? பள்ளிக்குப் போகும் நீங்கள்தான்! காலை எழுந்ததும், பள்ளிக்குப் புறப்படும் முன், வந்ததும், படுக்கும் முன் என்று அந்த நான்கு வேளையை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். நடுப்பகலுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். யாருமே இல்லையென்றால் பின்கட்டிலோ மொட்டை மாடி நிழலிலோ ஒரு பழைய தட்டில் மண் பரப்பி, தண்ணீரும் வைத்து, குட்டியை அங்கே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இந்த மண் தட்டு கைகொடுக்கும்.

தடுப்பூசிகள் முடியும் வரை, மற்ற நாய்கள் நடமாடும் தெரு ஓரத்துக்குக் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. 1978 முதல் உலகமெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக் கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று முதல் ஊசி எப்போது என்று கேளுங்கள். மூன்று மாத அளவில் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி ஈரம் செய்தாலோ, முக்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ அது நோய். மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களைக் கண்ட மகிழ்ச்சியில் காலடியில் சிறிது சொட்டுவிடும் குட்டியும் உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

உங்களுக்கு ஒரு வேலை. வரைபடத்தாள் ஒன்றில் கிடையாகக் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை குறியுங்கள். குட்டி வெளியே போகும் ஒவ்வொரு தடவைக்கும் அந்த மணிக்கு மேல் நீல மையில் ஒரு புள்ளி. வீட்டுக்குள் போனால் சிவப்புப் புள்ளி. தூங்கி எழுந்த நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் கீழே எழுதி வையுங்கள். பத்து நாளில் சிவப்புப் புள்ளிகள் இரண்டு மூன்று மணிகளில் குவிந்து நிற்பதைக் காண்பீர்கள். அந்தக் குவியல்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் குட்டியை மண்ணுக்குக் கொண்டு போங்கள். சட்டைப் பையில் பொறை இருக்கட்டும்.