அப்பாவின் ரசீதும் என் ரசீதும்

என் மேஜை மேல் இரண்டு ரசீதுகள் கிடக்கின்றன.

முதல் ரசீது, என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததற்கு ஒரு தனியார் பள்ளி கொடுத்தது. வருஷத்துக்கு ரூ. 38,500. அதில் முதல் டெர்முக்கு ரூ. 19,250 கட்டியாயிற்று. வழவழ தாள். மூன்று கலர். மூலையில் ஒரு மயில். 'மிசலேனியஸ்' என்று ஒரு வரி போட்டு அதற்கு ரூ. 2,400. நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன். 'மிசலேனியஸ் என்றால் என்ன?' என்று கேட்டேனா? வாயைத் திறக்கவில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு 'தேங்க்ஸ்' வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது ரசீது, பட்டுக்கோட்டை நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க நகரங்களில் சொத்து வரியை உயர்த்தினார்களே, அந்த வருஷத்து ரசீது. எங்கள் வீடு தொள்ளாயிரம் சதுர அடி. எங்கள் மாதிரி நகராட்சிகளில் அறுநூறுக்கு மேல் ஆயிரத்து இருநூறு சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு ஐம்பது சதவீத உயர்வு. அரையாண்டுக்கு ரூ. 820 இருந்தது ரூ. 1,230 ஆயிற்று. அதாவது 410 ரூபாய் கூடுதல்.

அந்த 410 ரூபாய்க்கு நான் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மணிக்கூண்டு பக்கத்து டீக்கடையில் மூன்று நாள் பேசினேன். 'பகல் கொள்ளை' என்று ஒரு கட்டுரைகூட ஆரம்பித்தேன். நல்லவேளை, முடிக்கவில்லை.

அப்பாதான் கணக்கை நேர் செய்தார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். மயில் ரசீதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து நூல் கட்டிய ஒரு பழைய கட்டை எடுத்து வந்தார். எல்லாம் வீட்டு வரி ரசீதுகள். அதில் ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார்.

"டேய், இதுல மூணாவது வரிசையைப் படி."

'கல்வி வரி' என்று இருந்தது. தொகை சில ரூபாய் சில்லறை.

"உன்னை அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிக்க வெச்சது இதுதான். நீ என்னமோ நான் ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சேன்னு நினைச்சிட்டிருக்கே."

பள்ளிக்கூடத்துக்காக வரியை ஏற்றலாமா என்று இன்றைக்குப் புதிதாக யாரோ கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறோம். 1920-லேயே சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் கல்விக்கென்று தனியாக வரி போடலாம். அந்தப் பணத்தைத் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அதே 1920-ல்தான் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. அதையும் 1925-ல் நிறுத்தும்படி ஆயிற்று. ஏன் தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் ஆட்சேபித்தது. கல்வி வேறு, வயிறு வேறு என்று பிரித்து வைத்திருந்த ஆடிட்டர்கள்!

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

நான் கணக்கு எழுதுகிற தேங்காய் மண்டி முதலாளியிடம் இதைச் சொன்னேன். அண்ணன் நல்ல மனுஷர். 2018 கஜா புயலில் தோப்பே சாய்ந்து கிடந்தபோதுகூட வேலையாட்களுக்குச் சம்பளம் நிறுத்தாதவர். ஆனால் 'வரி' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்கு பி.பி. ஏறும்.

"தம்பி, கல்விக்குன்னு ஏற்கெனவே கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்? அது எங்கே போச்சுன்னு முதல்ல சொல்லு. அப்புறம் ஏத்தலாம்."

இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வது நியாயம்தான்.

ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் உங்கள் வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய் வரி என்றால் அதற்கு மேல் 4 சதவீதம், 2,000 ரூபாய், 'ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்' என்று பிடித்திருப்பார்கள். 2004 ஜூலை 8 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் கல்விக்காக 2 சதவீதம் என்று ஆரம்பித்தது. 2007-ல் உயர்நிலை, உயர்கல்விக்கு என்று இன்னொரு 1 சதவீதம். 2018-ல் ஆரோக்கியத்தையும் சேர்த்து 4 ஆக்கினார்கள். முதல் 2 சதவீதம் சர்வ சிக்ஷா அபியானுக்கும் மதிய உணவுக்கும் என்று தனி நிதியத்துக்குப் போனது. இல்லை என்று சொல்ல முடியாது. அந்த இன்னொரு 1 சதவீதம்? 2016-17 வரை வசூலான 83,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைப் போட்டு வைக்க ஒரு நிதியமே திறக்கவில்லை என்று மத்தியத் தணிக்கைத் துறை எழுதியது. நிதியம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2017 ஆகஸ்டில். பத்து வருஷம் உண்டியல் இல்லாமலே காணிக்கை வசூல்!

இதில் இன்னொரு சங்கதி. செஸ் என்று பெயர் வைத்துவிட்டால் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. சாதாரண வரி என்றால் பங்கு உண்டு. பட்டுக்கோட்டையில் பிடித்த செஸ் பட்டுக்கோட்டைக்குத் திரும்பி வர வேண்டுமானால் ஏதாவது ஒரு திட்டத்தில் ஏறித்தான் வர வேண்டும். அந்தத் திட்டத்துக்கும் ஒரு நிபந்தனை வைத்தால்? வைத்தார்கள். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடாததால் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று தமிழக அரசு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

ஆகவே மண்டி அண்ணனின் கோபத்தில் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். மீதிப் பாதிக்குத்தான் சண்டை.

"நான் வேணாங்கலை தம்பி. வரியா கேக்காதே, நன்கொடையா கேளு. நான் அந்த ஸ்கூலுக்கு ஃபேன் வாங்கிக் குடுத்திருக்கேன்ல?"

கொடுத்திருக்கிறார். நானே பார்த்தேன். சுற்றும்போது பெயர் தெரியாது என்பதால் மூன்று இறக்கையிலும் 'உபயம்' எழுதச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஃபேன் ஓடுகிற கரண்டுக்கு பில் யார் கட்டுவது? 'கரண்ட் பில் உபயம்' என்று எழுத ஒரு இறக்கையும் கிடையாது.

காமராஜ் 1956-ல் மதிய உணவை ஆரம்பித்தபோது முதலில் ஊரார் கொடையில்தான் நடந்தது. அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். ஆனால் அறுவடை சமயத்தில் நிறைகிற கை ஆடியில் சுருங்கத்தானே செய்யும்? அடுத்த வருஷமே அரசாங்கம் பணம் போட ஆரம்பித்தது. அதனால்தான் அது நிலைத்தது.

அண்ணனுக்கு நான் இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினேன். அவர் தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி மானாவாரி. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்ததே கல்லணைக் கால்வாய், நம் ஜனங்கள் புது ஆறு என்கிறார்களே, அது வந்த பிறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் நெல்லைக் கண்டது. அந்தக் கால்வாயை யாரும் 'உபயம்' போட்டு வெட்டவில்லை. அரசாங்கப் பணத்தில் வெட்டினார்கள். நம் பாட்டன்மார் தண்ணீருக்குத் தீர்வை கட்டினார்கள்.

"அது தண்ணிடா தம்பி. கண்ணுல தெரிஞ்சுச்சு, கட்டுனாங்க" என்றார் அண்ணன்.

கண்ணில் தெரிந்தது! இந்த மொத்த விவகாரத்திலும் எனக்குக் கிடைத்த உருப்படியான வாக்கியம் இதுதான். வரி கட்டுவது கஷ்டமில்லை. கட்டின வரி கண்ணில் தெரிய வேண்டும்.

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் குறுக்கே புகுந்தார். "எதுக்கு ஸார் புது வரி? டாஸ்மாக் இருக்கே." விளையாட்டாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி. அப்பன் குடிப்பதில்தான் பிள்ளை படிக்கிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அன்று ராத்திரி ரொம்ப நேரம் தூங்கவில்லை.

தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் சொந்தக் காசில் போகிறார்கள், அரசுக்கு அதனால் செலவில்லை என்று ஒரு வாதம் உண்டு. இதுவும் முழுசாக சரியில்லை. பழைய வரி முறையில் 80-சி என்று ஒரு கழிவு. ஒன்றரை லட்சம் வரை. அதில் பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸையும் காட்டலாம். எத்தனை பேருக்கு நானே அந்த ரசீதை ஃபைல் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்! அதாவது தனியார் பள்ளிக்கு நாம் கட்டிய பணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் வரியில் விட்டுக் கொடுத்தது. யாரும் இதை இலவசம் என்று சொல்லவில்லை. சத்துணவு முட்டையைத்தான் சொல்வார்கள்.

2004 ஜூலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த செஸ் அறிவித்த எட்டாம் நாள், ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு. தனியார் நிர்வாகத்தில் நடந்த பள்ளிக்கூடம். சமையற்கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். எங்கள் ஜில்லாக்காரர்கள் யாரும் அந்தத் தேதியை காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றார்கள். சரிதான். கீற்றை எடுத்தால் கான்கிரீட் போட வேண்டும். கான்கிரீட்டுக்குப் பணம் வேண்டும். அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஊர் ஊராக வசூலித்து அந்தந்த ஊருக்கே செலவழித்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். அமெரிக்காவில் அப்படித்தான் பள்ளிக்கூடங்களில் பெரும்பங்கு உள்ளூர் சொத்து வரியில் நடந்தது. பணக்காரத் தெருவுக்கு நல்ல பள்ளி, ஏழைத் தெருவுக்கு ஓட்டைப் பள்ளி என்று ஆகி, கோர்ட் வரை போனார்கள். போதாததற்கு 1978-ல் கலிபோர்னியாக்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். நம் கணக்குக்கு வந்தால், பட்டுக்கோட்டை எப்படியோ சமாளிக்கும். சேதுபாவாசத்திரம் பக்கத்து மீனவர் குப்பத்தில் யாரிடம் வசூலிப்பது? ஆகவே வாத்தியார் சம்பளம், கட்டடம், சாப்பாடு இதெல்லாம் மாநிலம் பார்க்க வேண்டிய பெரிய கணக்கு. ஆனால் கக்கூஸ் கழுவுவது, குடிதண்ணீர், வாட்ச்மேன், உடைந்த பெஞ்சு, இவை ஊர்க் கணக்கு. இந்தச் சின்னக் கணக்குக்குத்தான் உள்ளூர் கல்வி வரி.

ஒரு உதாரணம் கண் முன்னால் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் முதலாவது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. நான் வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருஷமும் கிளை நூலகத்து ஃபேனுக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிப் பத்திரிகைகளை ஓசியில் படித்துத்தான் எழுதவே வந்தேன். (வசூலித்த நூலக வரியைக் கொடுக்காமல் பாக்கி வைக்கிற உள்ளாட்சிகளும் உண்டு. அந்தக் கோபம் தனி.)

சென்ற வாரம் ஒரு நகராட்சிப் பள்ளிக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான் என்று மனைவியிடம் சொன்னேன். காலை உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் தொடங்கி, 2023-ல் நம் பக்கத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரித்த திட்டம். வகுப்பில் பெரிய டி.வி. இருந்தது. டீச்சர் எம்.எஸ்ஸி., பி.எட். என் மகளின் பள்ளி டீச்சருக்குக் கொடுக்கும் சம்பளத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், சொன்னால் வருத்தப்படுவீர்கள். இங்கே டீச்சருக்குக் குறையில்லை. கழிப்பறைக் கதவில்தான் தாழ்ப்பாள் இல்லை.

"எழுதிக் குடுத்திருக்கோம் ஸார்" என்றார் தலைமை ஆசிரியை. "நானே கைக்காசைப் போட்டு ஒரு தடவை மாட்டினேன். லீவுல யாரோ பிடுங்கிட்டாங்க."

ஒரு தாழ்ப்பாள் எண்பது ரூபாய் இருக்குமா? ஒன்றாம் வகுப்பில் பதினாலு பேர். சாயங்காலம் கேட்டைப் பூட்ட ஆள் இல்லை.

ராஜாமடத்தில் பிறந்து, பட்டுக்கோட்டையில் பள்ளிப் படிப்பைப் படித்த ஆர். வெங்கட்ராமன் 1980-லிருந்து 82 வரை நாட்டின் நிதியமைச்சர். அப்புறம் ஜனாதிபதி. இந்தியாவுக்கே வரி போட்டவரை அனுப்பிய ஊரில் ஒரு தாழ்ப்பாளுக்கு மனு!

மண்டி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அரையாண்டுக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் நான் கட்டுகிறேன். ஒரே கண்டிஷன். அந்தந்தப் பள்ளி கேட்டில் ஒரு கரும்பலகை. இந்த வருஷம் இந்தப் பள்ளிக்கு வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. மாதம் ஒரு தடவை சாக்பீஸில் எழுதினால் போதும்.

அண்ணன் யோசித்தார். "போர்டு வெச்சா எனக்கு ஆயிரம்னாலும் சரி. எழுதறது நீதானே?"

வீட்டில்தான் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மனைவி அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவள். "ஏங்க, படிப்பெல்லாம் சரி. தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்கு எம்பொண்ணை எப்படி அனுப்புறது?" என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார்.

"வரி ஏர்றப்போ ஏறட்டும்டா. இரும்புல கேக்கட்டுமா, அலுமினியம் போதுமா?"

இரண்டாவது டெர்ம் ஃபீஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது.