குரோஷா ஊசியில் மலரும் மல்லிகை

கத்தோலிக்க இல்லங்களில் குரோஷா பின்னலை அறியாதவர் சிலரே. பலிபீடத்தின் வெண்துகில் ஓரத்திலும், குருவின் வெண்ணங்கி விளிம்பிலும், வீட்டுச் சுரூபத்தின் அடியில் விரித்த வட்டத் துணியிலும் அதனைக் கண்டு பழகியிருக்கிறோம். நுனியில் கொக்கியுடைய சிறு ஊசி ஒன்று, நூற்கண்டு ஒன்று, பொறுமையுள்ள இரு கைகள்: இக்கலைக்கு வேண்டிய மூலதனம் இவ்வளவே. ஆதலால்தான் இதனை எளிய வேலை என்று எண்ணிவிடுகிறோம். எளிய வேலை என்ற எண்ணம் வந்துவிட்டால், அதற்குரிய விலையையும் குறைத்தே மதிப்பிடுகிறோம். இத்திங்கள் குளிருக்கேற்ற பூப்பின்னல் கழுத்துக் கம்பளி ஒன்றைப் பின்னும் முறையைச் சொல்ல முற்படும் நாம், அப்பின்னலின் பின்னே இருக்கும் உழைப்பின் கணக்கையும் உடன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இயந்திரத்துக்கு எட்டாத தையல்

குரோஷா என்பது சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. இரண்டு நீண்ட ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னுவது வேறு, குரோஷா வேறு. முன்னதில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியின்மீது திறந்தபடியே நிற்கும். ஆகவே பல கொக்கிகளை ஒரே நிரலில் பொருத்தி, எல்லாக் கண்ணிகளிலும் நூலை இழுக்கும் பொறியை அமைக்க இயன்றது. 1589ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு காலுறை பின்னும் பொறியைச் செய்துவிட்டார்.

குரோஷாவிலோ, ஒரு தையல் முற்றுப்பெற்ற பின்னரே அடுத்த தையல் தொடங்கும். ஊசி, முன்பு பின்னிய துணியின் எப்புழையிலும் எத்திசையிலிருந்தும் நுழையலாம். எங்கு நுழைவது, எவ்வளவு நூலை இழுப்பது என்பதைக் கண்ணும் விரலும் கூடி முடிவு செய்கின்றன. இதனைச் செய்யவல்ல பொறிக்காக ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். எனினும் வாணிகத்திற்காகக் குரோஷா பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் இன்றளவும் இல்லை. குரோஷா போலத் தோன்றும் ஆலைத் துணிகள் உண்டு. கூர்ந்து நோக்கின் அவை வேறு வகைப் பின்னல் என்பது புலப்படும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கடையிலோ சந்தையிலோ நாம் காணும் உண்மையான குரோஷா பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அமர்ந்து, தையல் தையலாகக் கையால் பின்னியதாகும். அதன் விலை வியக்கத்தக்க அளவு மலிவாக இருக்குமாயின், அந்த மலிவை ஏதோ ஓர் இயந்திரம் தரவில்லை. பின்னியவரின் கூலி குறைந்ததாலேயே அது வந்தது.

பஞ்சத்தில் பூத்த மலர்கள்

குரோஷாவில் மலர் வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது அயர்லாந்து நாட்டில். 1845ஆம் ஆண்டு அங்கே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழை மக்களுக்கு அதுவே அன்றாட உணவு. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் கப்பலேறி நாட்டை விட்டு அகன்றனர். அந்நாளில் கார்க் நகரை அடுத்த பிளாக்ராக் ஊரில் இருந்த உர்சுலைன் சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்கும் சிறுமியருக்கும் குரோஷா வேலையைக் கற்பித்தனர். மானகன் மாவட்டத்தில் குளோன்ஸ் என்னும் ஊரில் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் துணைவியார் கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையார், கில்டேர் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்து, 1847இல் அதே பணியைத் தொடங்கினார். சபை வேறுபட்டாலும் பசி ஒன்றாகவே இருந்தது; ஊசியும் ஒன்றாகவே இருந்தது.

இத்தாலிய வெனிஸ் நகரத்து லேஸ் வேலை அக்காலத்தில் செல்வர் விரும்பிய பொருள். சாதாரண ஊசியால் அதனைத் தைத்து முடிக்க நெடுநாள் பிடிக்கும். ரீகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்னும் பெண்மணி, அதே தோற்றத்தைக் குரோஷா ஊசியால் பன்மடங்கு விரைவாகக் கொண்டுவரும் வழியை வகுத்துப் புத்தகங்களாக வெளியிட்டார். ரோஜா, திராட்சைக் கொத்து, மூவிலைச் செடி ஆகியவற்றைத் தனித்தனியே பின்னி, பின்னர் வலைப்பின்னலால் இணைத்தார்கள். இதழ்கள் புடைத்து நிற்கும்பொருட்டுத் தடித்த நூல் ஒன்றை உள்ளே வைத்து அதன்மேல் பின்னினார்கள். வேலையைக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. ரோஜாவில் கைதேர்ந்தவள் ரோஜாவையே பின்னினாள், இலையில் தேர்ந்தவள் இலையையே பின்னினாள். அவ்வூசி ஈட்டித்தந்த காசு பல வீடுகளில் அடுப்பெரிய உதவிற்று. சிலருக்குக் கப்பல் கட்டணமும் ஆயிற்று.

இக்கலைக்கு அரண்மனையிலும் இடமிருந்தது. விக்டோரியா மகாராணி தாமே குரோஷா பின்னக் கற்றவர். 1900ஆம் ஆண்டு, தம் முதிர்ந்த வயதில், தென்னாப்பிரிக்கப் போரில் பணியாற்றிய வீரர்களுக்கென 8 கழுத்துக் கம்பளிகளைத் தம் கையாலேயே பின்னினார். அவற்றைப் பெற்றவர்கள் பதக்கத்துக்கு ஒப்பாக அவற்றைப் போற்றினர். அரசி பின்னினால் அது அரும்பரிசு. ஏழைப் பெண் பின்னினால் பேரம் பேசும் சரக்கு. ஊசியும் தையலும் இரண்டுக்கும் ஒன்றேயன்றோ?

ஓய்வுநேர வேலையா?

அயர்லாந்தில் நிகழ்ந்தது போன்றே நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்திலும் நிகழ்ந்தது. கோதாவரி ஆற்றின் கழிமுகத்தில் நரசாபுரம் என்னும் ஊர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மறைப்பணியாளர் அங்குள்ள ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தனர். காலப்போக்கில் அது கடல் கடந்து விற்பனையாகும் பெருந்தொழிலாயிற்று. நரசாபுரத்துக் குரோஷா விரிப்புகள் இன்றும் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன.

மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலார் அவ்வூர்ப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது நம் நெஞ்சைத் தொடுவதாகும். அப்பெண்கள் சமையல், நீர் சுமத்தல், குழந்தை வளர்ப்பு ஆகிய அனைத்தையும் செய்தபின், நாள்தோறும் பல மணி நேரம் லேஸ் பின்னினர். ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி அவற்றை இணைப்பாள். முழுப் பொருள் எங்கே போகிறது, என்ன விலை பெறுகிறது என்பது பின்னியவளுக்குத் தெரியாது. அவள் பெற்ற கூலியோ, வயலில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டம் விதித்த கூலியினும் மிகக் குறைவு. ஏற்றுமதி செய்தவர்கள் செழித்தார்கள். இதற்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ‘இவர்கள் தொழிலாளர் அல்லர், இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்.’ ‘ஓய்வு நேரம்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு கூலியைக் குறைக்கும் இவ்வழக்கம் அவ்வூருக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கழுத்துக்கு ஒரு கதகதப்பு

இனி, பின்னும் முறைக்கு வருவோம். சமவெளியில் வாழும் நமக்குக் கழுத்துக் கம்பளி ஏன் என்று வினவலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதத்து விடியற்குளிரை அறிந்தவர்கள் அவ்வாறு கேளார். இலங்கையின் நுவரெலியாவில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் கேளார். கனடாவிலும் நார்வேயிலும் பிள்ளைகள் குடியேறியுள்ள குடும்பங்களுக்கோ, இது அன்பின் பொதியாக அனுப்பத் தக்க பொருள்.

நாம் சொல்லும் உடை, இரு முனையும் தொங்கும் மஃப்ளர் அன்று. முனைகள் இணைந்து வளையமாக அமைவது. தலை வழியே அணிந்தால் கழுத்தில் மடிந்து நிற்கும், காற்றில் அவிழாது. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கௌல்’ என்று பெயர். இச்சொல் முதலில் துறவியரின் தலைமறைப்புள்ள மேலாடையைக் குறித்தது. பெனடிக்ட் என்னும் புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கிலே, குளிர்காலத்துக்குத் தடித்த மேலாடையும் கோடைக்கு மெல்லியதோ பழையதோ ஆன மேலாடையும் தரவேண்டும் எனக் குறித்துள்ளார். தவ வாழ்விலும் உடலின் குளிரை அவர் மறக்கவில்லை.

இதற்கு ஏற்ற பூப்பின்னல் ஒன்று உண்டு. மேனாட்டார் அதனை ‘ஜாஸ்மின் தையல்’, அதாவது மல்லிகைத் தையல் என்றே அழைக்கின்றனர். உப்பிய இதழ்கள் ஆறு சேர்ந்து ஒரு மலராகும். அழகு ஒருபுறமிருக்க, இதற்குப் பயனும் உண்டு. நமக்குக் கதகதப்பைத் தருவது நூலுக்கிடையே சிறைப்பட்ட காற்று. உப்பிய இதழ்கள் அக்காற்றை மிகுதியாகப் பிடித்துவைக்கும். ஆனால் இத்தையல் நூலை மிகுதியாக உண்ணும் என்பதையும் முன்கூட்டியே அறிதல் நலம்.

பெரியவர் ஒருவருக்கு, தடித்த உல்லன் நூல் 200 முதல் 250 கிராம் வேண்டும். ஊசி 5 அல்லது 6 மில்லிமீட்டர் பருமனுடையதாக இருக்கட்டும். முதலில் 80 சங்கிலித் தையல்கள் போடுக. நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வரும். தலை வழியே நுழையுமா என்று பார்த்து, வேண்டுமாயின் இரண்டிரண்டாகக் கூட்டுக. பிறகு முறுக்கு விழாமல் வளையமாகப் பூட்டி, ஒரு சுற்று சாதாரணக் குட்டைத் தையல் பின்னுக.

இதழ் ஒன்று பின்னும் விதம் இது: நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஊசியைப் புழையில் நுழைத்து, நூலைப் பிடித்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு இழுக்கவேண்டும். அதே புழையில் மும்முறை இவ்வாறு செய்தால் ஓர் இதழ் திரளும். அதனை மூடாமலே அடுத்த இரு இதழ்களையும் எடுத்து, மூன்றையும் ஒரே இழுப்பில் சேர்த்து மூடி, ஒரு சங்கிலித் தையலால் இறுகப் பூட்டுக. அப்பூட்டே மலரின் கண்.

மூன்று இதழ்களும் எங்கிருந்து எழவேண்டும்? முதலாவது, சற்று முன் பூட்டிய மலரின் கண்ணிலிருந்து. இரண்டாவது, அம்மலரின் கடைசி இதழ் நின்ற அதே கீழ்ப்புழையிலிருந்து. மூன்றாவது, அதற்கு அடுத்த கீழ்ப்புழையிலிருந்து. முதற் சுற்றில் ஒரு தையல் விட்டு ஒரு தையலைக் கீழ்ப்புழையாகக் கொள்க. அடுத்த சுற்றுகளில் கீழ்ச்சுற்று மலர்களின் கண்களே கீழ்ப்புழைகள். ஒவ்வொரு சுற்றையும் இதழ் உயரத்துக்குச் சில சங்கிலித் தையல்களால் உயர்த்தித் தொடங்கி, இறுதி மலரை முதல் மலரோடு இணைத்து முடிக்கவேண்டும். துணியைத் திருப்பாமல் ஒரே பக்கமாகப் பின்னுக. 12 சுற்றுகள் ஆனதும், ஒவ்வொரு மலர்க் கண்ணிலும் இரண்டு குட்டைத் தையல்கள் போட்டு விளிம்பை முடிக்கலாம்.

தொடக்கத்தில் இது மலராகத் தோன்றாது. ஒரு மலரின் மேலிரு இதழ்கள் அடுத்த சுற்றிலேதான் எழுகின்றன. முதற் சுற்றோடு மனம் தளர்ந்து பிரித்துவிடுவோர் பலர். இரண்டாம் சுற்று முடியுமட்டும் பொறுத்தவரே மல்லிகையைக் காண்பர். இதழ்கள் யாவும் ஒரே உயரமாயிருப்பதில்தான் கைத்திறன் விளங்கும். உண்மைக் கம்பளியாயின் வெந்நீரில் நனைத்தல் ஆகாது, சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மென்சோப்பால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்து உலர்த்துக.

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு சுற்றுக்கு 40 மலர்கள். 12 சுற்றுக்கு 480 மலர்கள். மலர் ஒன்றுக்கு மூன்று இதழ். இதழ் ஒன்றுக்கு மூன்று இழுப்பு. ஆக, ஒரு கழுத்துக் கம்பளிக்கு 4320 முறை நூலை இழுக்கவேண்டும். கைதேர்ந்தவர் ஒரு மலரை அரை நிமிடத்தில் முடிப்பதாக வைத்துக்கொண்டாலும், மலர்களுக்கு மட்டும் 4 மணி நேரம் ஆகும். அடிச்சுற்றும் விளிம்பும் இதில் சேரா. ஆக, நூலின் விலையோடு அரைநாட் கூலியையும் கூட்டினாலன்றி அது நேர்மையான விலை ஆகாது.

இக்கணக்கை அறிந்தபின் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. மலைப்பாதை ஓரத்தில் கம்பளிப் பொருள் விற்கும் பெண்ணிடம் விலை கேட்கும்போது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் கேட்போமாக. விடை தெரிந்தபின் பேரம் பேச நா எழாது. பங்குத் திருவிழாவில் மாதர் சங்கத்தார் கைவேலைகளை விற்பனைக்கு வைக்கையில், ‘நம்மவர்தானே’ என்று விலையைக் குறைத்துக் கேளாதிருப்போமாக. விலை குறிக்கும் பொறுப்பில் உள்ளோர், நூலின் விலையை மட்டும் எழுதாமல் பின்னியவரின் நேரத்தையும் எழுதிக் கூட்டுவார்களாக.

வீட்டிலும் அவ்வாறே. மாலை வேளையில் ஊசியும் நூலுமாக அமர்ந்திருக்கும் பாட்டியை, தாயை, அத்தையைப் பார்த்து, ‘சும்மாதானே இருக்கிறீர்கள்’ என்று சொல்லாதிருப்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் கூலி. பிள்ளைகளுக்கு, ஆண்மக்களுக்கும் சேர்த்தே, ஒரு மலரையாவது பின்னக் கற்றுத்தரலாம். தன் விரலால் ஒன்பது முறை நூலை இழுத்து ஒரு மலரைப் பின்னிப் பார்த்த பிள்ளை, பிறர் கை உழைப்பை மலிவாகக் கேட்க நாணும்.