காரின் கம்ப்யூட்டரில் டர்போ அழுத்தத்தைக் கூட்டலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய சில வாரங்களில் பலருக்கும் ஓர் ஆசை வரும். பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் என்ன? ஓவர் கிளாக்கிங் எனப்படும் இந்த வேலைக்குப் புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். டர்போ பொருத்திய கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆசை வருகிறது. காரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. லேப்டாப்பை இணைத்து அதிலுள்ள பைலை மாற்றினால் கார் சீறிப் பாயும் என்கிறார்கள். மாற்றினால் என்ன ஆகும் என்று இங்கு பார்க்கலாம்.

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினிலிருந்து சூடான புகை வேகமாக வெளியேறுகிறது. அதன் பாதையில் ஒரு சிறிய காற்றாடி உண்டு. அது சுழலும்போது, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடியும் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று கிடைத்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், சக்தி கூடும். 1905ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். டர்போ அதற்கு மேல் தரும் அழுத்தமே பூஸ்ட். இது அளவு மீறாமல் இருக்க வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு உள்ளது. அது திறந்தால் புகையின் ஒரு பகுதி காற்றாடியைத் தொடாமல் வெளியேறிவிடும். சில கார்களில் ஸ்பிரிங் மட்டுமே இந்த வேலையைச் செய்யும். பல கார்களில் இசியு எனப்படும் கம்ப்யூட்டர், சென்சார் தரும் அளவைப் பார்த்துக் கட்டளையிடும். அந்தக் கட்டளைக்கான எண்கள்தான் பைலில் மாற்றப்படுகின்றன.

அழுத்தம் வேறு, காற்று வேறு

அழுத்தத்தை 25 சதவீதம் கூட்டினால் காற்றும் 25 சதவீதம் கூடும் என்று எண்ணலாம். அப்படி நடப்பதில்லை. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ். டர்போ தன் வசதியான எல்லைக்குள், 70 சதவீதத் திறனுடன், அதை இரண்டு மடங்கு அழுத்தினால் வெப்பம் சுமார் 125 டிகிரியாகும். அதே டர்போவை இரண்டரை மடங்குக்குத் தள்ளினால் திறன் குறையும். 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வெப்பம் 170 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரியும். எனவே, இன்டர்கூலர் குளிர்விப்பதற்கு முன், அழுத்தம் 25 சதவீதம் கூடியும் காற்றின் அளவு 12 சதவீதம்தான் கூடுகிறது. மீதியெல்லாம் வெப்பம்.

ஒரே இன்ஜின், இரண்டு டர்போ

"கம்பெனியே சக்தியைப் பூட்டி வைத்திருக்கிறது, நாம் திறந்துவிடுகிறோம்" என்பது பலரும் சொல்லும் வாதம். பியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மாருதி கார்களில் டிடிஐஎஸ் என்ற பெயரில் 2020 வரை இது வந்தது. ஸ்விப்ட் காரில் இதன் சக்தி 75 பிஎஸ். சியாஸ், எர்டிகா போன்றவற்றில் 90 பிஎஸ். பைலை மாற்றி 15 பிஎஸ் கூட்டினார்களா? இல்லை. 75 பிஎஸ் இன்ஜினில் இருப்பது சாதாரண டர்போ. 90 பிஎஸ் இன்ஜினில், புகை பாயும் கோணத்தை மாற்றிக்கொள்ளும் இறக்கைகள் கொண்ட வேறு டர்போ. இழுவிசை மட்டும் 190லிருந்து 200 நியூட்டன் மீட்டருக்குத்தான் கூடியது. தயாரித்தவர்களே சாப்ட்வேரோடு ஹார்ட்வேரையும் மாற்றித்தான் சக்தியைக் கூட்டினார்கள்.

என்னென்ன ஆபத்துகள்?

1. சுழலும் வேகம்: சிறிய டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. வேகமும் சூடும் கூடினால் அந்தப் படலம் முறிந்து தண்டு தேயும்.

2. டீசல் இன்ஜின் கட்டுப்பாடு இழத்தல்: டர்போவின் சீல் போனால் இன்ஜின் ஆயில் காற்றுக் குழாய்க்குள் நுழையும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கிவிடலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

3. பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங்: சூடான கலவை, தீப்பொறியால் பரவும் தீ வந்து சேரும் முன் தானாகவே வெடித்து எரியும். பிஸ்டன் உடையலாம்.

4. மற்ற பாகங்கள்: கிளட்ச், ஹெட் கேஸ்கட், இன்ஜெக்டர் எல்லாம் பழைய சக்திக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. முதலில் நழுவத் தொடங்குவது பெரும்பாலும் கிளட்ச்தான்.

பிராசசர் அளவு மீறிச் சூடானால் தானே வேகத்தைக் குறைக்கும். மீறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். காரிலும் லிம்ப் மோட் என்று இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் பூஸ்ட்டைக் கூட்டும் பைல்களில் பெரும்பாலும் இந்த எல்லையையும் சேர்த்தே உயர்த்திவிடுகிறார்கள். டியூனிங் பாக்ஸ் சிலவற்றின் வழி வேறு. அழுத்தம் குறைவாக இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்கின்றன. காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது இது.

படிப்பது வேறு, எழுதுவது வேறு

ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் அடாப்டரைச் செருகி, மொபைல் போனில் அழுத்தத்தைப் படிக்கலாம். படிப்பதால் இசியுவிலுள்ள பைல் மாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேனிபோல்ட் பிரஷர் என்று திரையில் தெரியும் எண்ணில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கும். 220 கிலோபாஸ்கல் என்று காட்டினால், சுமார் 100ஐக் கழியுங்கள். பூஸ்ட் 120தான், அதாவது 1.2 பார்.

இசியுவில் எழுதுவது பயாஸ் அப்டேட் போன்றது. பாதியில் பேட்டரி இறங்கினால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எனவே, எழுதியே தீருவேன் என்பவர்கள் பழைய பைலுக்கு பேக்கப் இருக்கிறதா, கிளட்ச், இன்டர்கூலர், இன்ஜெக்டர் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். "எல்லாம் தாங்கும் சார்" என்ற பதில் போதாது. எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு வெப்பம் என்று எண்களாகக் கேளுங்கள். மாற்றத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடைக்காது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்தால் இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

எதையும் மாற்றாமலே காரின் வேகம் குறைந்ததாகத் தோன்றினால், முதலில் ஏர் பில்டரையும் டர்போ ஹோஸ் குழாய்களையும் பாருங்கள். அடைப்பும் கசிவும் இருந்தால், கம்பெனி கொடுத்த பூஸ்ட்டே முழுதாக இன்ஜினுக்குப் போய்ச் சேராது. இழந்த சக்தியை மீட்க ஒரு புது பில்டரே போதுமானதாக இருக்கலாம்.